வெயிலும் மழையும் தாங்கும் வெளிப்புற குஷன் வாங்குவது எப்படி? இரண்டு முறை ஏமாந்தவரின் வழிகாட்டி

மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. முற்றத்து நாற்காலியில் கிடந்த குஷனைத் தொட்டுப் பார்த்தேன். மேல்துணி நன்றாகவே காய்ந்திருந்தது. நம்பிக்கையோடு விருந்தாளியை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். உடையின் பின்பக்கம் முழுவதும் ஈரம். குஷனின் ஓரத்தில் 'தண்ணீர் புகாதது' என்று அச்சடித்த அட்டை அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஜிப்பைத் திறக்கப் போனேன். துருவேறிய இழுவை கையோடு பிய்ந்து வந்தது. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ஃபோம் ஊறவைத்த துணிமூட்டையாகக் கனத்தது. அடிப்பக்கம் முழுக்க மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்.

பிறகு துணியை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து இரண்டாவது முறை வாங்கினேன். துணி வெளுக்கவில்லை, ஃபோம் பழையபடியே ஊறியது. மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. அந்த குஷன்கள் இப்போது நான்காவது ஆண்டில் இருக்கின்றன. வாங்கப் போகிற எல்லோரும் 'தண்ணீர் உள்ளே போகுமா?' என்றுதான் கேட்கிறோம். திறந்தவெளியில் கிடக்கும் குஷனுக்குள் என்றாவது ஒருநாள் தண்ணீர் போகத்தான் போகும். போன தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வெளியே வரும் என்று கேட்டிருந்தால் முதல் இரண்டு செலவும் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

1. நாற்காலி நிற்கும் இடத்தை ஒருநாள் கவனியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மேலே முழுக் கூரை இருக்கிறதா, சாரல் அடிக்கும் அரைக் கூரையா, வானம் பார்த்த வெட்டவெளியா? காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை எட்டிப் பார்த்து, நேரடி வெயில் எத்தனை மணி நேரம் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுக் கூரைக்கு அடியில் கிடக்கும் குஷனுக்கு விலை உயர்ந்த ஃபோம் வாங்குவது வீண். வெட்டவெளியில் கிடப்பதற்கு மலிவானது வாங்குவது அதைவிட வீண்.

மரத்தடியா என்றும் பாருங்கள். நிழல் கிடைக்கும், கூடவே பிசினும் மகரந்தமும் பறவை எச்சமும் விழும். செயற்கை இழைத் துணியைப் பூஞ்சை தின்பதில்லை, அதன்மேல் படிந்த அழுக்கைத்தான் தின்கிறது. அதனால் மரத்தடி குஷனை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். கடலோரக் காற்றும் நீச்சல் குளமும் பக்கத்தில் இருந்தால், உலோக ஜிப் உள்ள எதையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள்.

இன்னொரு கேள்விக்கும் உண்மையான பதில் வேண்டும்: மழை வந்தால் குஷன்களை உள்ளே எடுத்து வைக்கப்போவது யார்? 'நாங்கள் தினமும் எடுத்து வைத்துவிடுவோம்' என்று நானும் சொன்னேன். இரண்டு வாரம் செய்தோம்.

2. துணிக்கு முன்னால் ஃபோமைக் கேளுங்கள்

கடையில் நீங்கள் காண்பது துணியையும் நிறத்தையும்தான். குஷனின் ஆயுளை முடிவு செய்யும் பொருளோ உள்ளே மறைந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால், சாதாரண ஃபோம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண பாலியூரிதேன் ஃபோமில் நுண்ணறைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. உள்ளே போன நீர் அந்தச் சவ்வுகளில் சிக்கிக்கொள்கிறது. மேல்பரப்பு காய்ந்த பிறகும் நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். என் விருந்தாளியை நனைத்தது அந்த நடுப்பகுதிதான். வீட்டுக்குள் இருக்கும் சோபாவுக்கு இந்த ஃபோம் அருமையானது. வெட்டவெளிக்கு ஆகாது.

விரைவில் உலரும் ஃபோம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் அந்தச் சவ்வுகளை நீக்கி, வெறும் வலைப்பின்னலை மட்டும் விட்டிருப்பார்கள். கையில் எடுத்தால் தேன்கூட்டை நினைவூட்டும் பெரிய துளைகள் கண்ணுக்கே தெரியும். வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போகும். மேலே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் சில நொடிகளில் அடியில் கொட்டிவிடும். சாதாரண ஃபோமைவிடப் பல மடங்கு விலை சொல்வார்கள். வெட்டவெளிக்கு இதைத் தவிர வேறு ஒன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, அறைகள் மூடிய ஃபோம். மிதவைகளில் பயன்படுவது. நீரை உறிஞ்சாது, ஆனால் உட்கார்ந்தால் பலகைபோல் இருக்கும். மெல்லிய திண்டுக்குச் சரி, ஆற அமரச் சாய்ந்து உட்கார அல்ல. பாலியஸ்டர் பஞ்சு நீரை உறிஞ்சாது, சீக்கிரம் உலரும்; நாளடைவில் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அதனால் முதுகுக்கு வைக்கும் குஷனுக்கு அது போதும், இருக்கைக்குப் போதாது. பருத்திப் பஞ்சும் இலவம்பஞ்சும் கூரையில்லாத இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இங்கே பலரும் விழும் பள்ளம் ஒன்று: அடர்த்தியையும் கெட்டித்தன்மையையும் ஒன்றென நினைப்பது. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. அது ஃபோம் எவ்வளவு காலம் அமுங்காமல் இருக்கும் என்பதைக் காட்டும். கெட்டித்தன்மை உட்காரும்போது தெரிவது. கையால் அமுக்கிக் கெட்டியாக இருக்கிறதே என்று வாங்கினால், அடர்த்தி குறைந்த ஃபோம் ஆறே மாதத்தில் நடுவில் குழி விழுந்து நிற்கும். இருக்கைக்குக் கன மீட்டருக்கு 28 முதல் 32 கிலோவுக்குக் குறையாமல் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இடையில் நான் செய்த ஒரு புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது முறை ஃபோம் ஊறத் தொடங்கியதும், அதை பாலித்தீன் தாளில் சுற்றி உறைக்குள் திணித்தேன். உட்காரும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். எங்கோ விழுந்த ஒரு சிறு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. வெளியே வர வழியில்லை. முன்பு நான்கு நாளில் உலர்ந்தது, பிறகு உலரவே இல்லை.

3. துணி: நிறம் எங்கே இருக்கிறது?

சுண்ணாம்பு அடித்த சுவரைச் சுரண்டினால் உள்ளே வேறு நிறம் வரும். செங்கல்லை எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். துணியிலும் இந்த இரண்டு வகை உண்டு. நெய்த பிறகு மேலே சாயம் ஏற்றியது அல்லது அச்சடித்தது ஒருவகை. இழையாக இழுக்கும் முன்பே, உருகிய அல்லது கரைந்த நிலையில் இருக்கும் மூலப்பொருளிலேயே நிறமியைக் கலந்துவிடுவது இன்னொரு வகை. வெயிலில் நிற்க வேண்டிய துணி இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

நிறமி கலந்து இழுத்த அக்ரிலிக் துணிதான் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. படகு இருக்கைகளிலும் கடைமுன் வெயில் மறைப்புகளிலும் பார்த்திருப்பீர்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் எடை இருக்கும். காற்றோட்டம் உண்டு, அதனால் உள்ளே போன ஈரம் ஆவியாகி வெளியே வரும். விலைதான் கடிக்கும்.

அடுத்தது ஒலெஃபின், அதாவது பாலிப்ரொப்பிலீன். மிக இலேசான இழை, தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. விலையும் நடுத்தரம். சூடு ஆகாது: ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸிலேயே உருகும். இஸ்திரிப் பெட்டியையும் துணி உலர்த்தும் இயந்திரத்தையும் இதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அரைக் கூரைக்கு இது நல்ல தேர்வு.

சாதாரண பாலியஸ்டர் உறுதியானது, மலிவானது. நேரடி வெயிலில் நிறம்தான் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் தாங்கும் என்று விற்கும் பெரும்பாலான மலிவு குஷன்கள், பின்பக்கம் பூச்சுப் பூசிய பாலியஸ்டர்தான். அந்தப் பூச்சு வெடித்து உரியும்போது உள்ளே வெள்ளைத் தூளாகக் கொட்டும். ரெக்சின் தண்ணீரை நிறுத்தும். நண்பகல் வெயிலில் அதில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: ஜிப்பைத் திறந்து துணியின் உட்பக்கத்தைப் பாருங்கள். வெளியே அடர்நீலம், உள்ளே வெளிர்நீலமோ வெள்ளையோ என்றால் மேலே அச்சடித்தது. தையலுக்காக விட்ட ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பாருங்கள். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். பிறகு துணியில் வாயை அழுத்தி வைத்து ஊதுங்கள். காற்றே போகவில்லை என்றால் பூச்சு இருக்கிறது. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: அடர்நிறம் சூடேறும், வெள்ளை அழுக்கைக் காட்டும். மணல் நிறமும் சாம்பல் நிறமும் இரண்டுக்கும் நடுவில் நின்று ஒத்துழைக்கும்.

4. அட்டையில் உள்ள சொற்களைப் பிரித்துப் படியுங்கள்

'நீர் விலக்கும்' என்றால் துளிகள் உருண்டோட மேலே ஒரு பூச்சு இருக்கிறது என்று பொருள். தூறலுக்குப் போதும். நாள்பட அது தேய்ந்துவிடும். மீண்டும் தெளித்துக்கொள்ளும் திரவம் கிடைக்கிறது. 'நீர் எதிர்ப்பு' என்பது கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை. 'நீர் புகாதது' என்பது துணியைப் பற்றிய கூற்று, குஷனைப் பற்றியது அல்ல. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். தையல்மேல் பட்டை ஒட்டி அடைக்காத வரை, மழை அந்த வழியாக உள்ளே இறங்கும். இறங்கிய நீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதும் அதே நீர் புகாத துணிதான்.

யூபிஎஃப் 50+ என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அந்தத் துணி தனக்கு அடியில் இருக்கும் தோலை எவ்வளவு காக்கிறது என்பதற்கான எண் அது. துணியின் நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு வேறு அளவுகள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 105-பி02 என்ற சோதனையில் 1 முதல் 8 வரை தரம் உண்டு. வெளியே போடும் துணிக்கு 7 அல்லது 8 பாருங்கள். சில நிறுவனங்கள் ஒளிச் சோதனையை மணிக்கணக்கில் குறிப்பிடும். நல்ல அக்ரிலிக்குக்கு 1,500 மணி நேரம் என்பதுபோன்ற எண் இருக்கும், சாதாரண பாலியஸ்டருக்குச் சில நூறு. இது சோதனைக் கூடத்து விளக்கொளியில் எடுத்த கணக்கு. ஒரு துணியை இன்னொரு துணியோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

5. நூல், ஜிப், அடிப்பாகம்

துணி பத்து ஆண்டு தாங்கும், நூல் மூன்றாம் ஆண்டில் அறுந்து நிற்கும். இது அடிக்கடி நடப்பது. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். குறைந்தபட்சம் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் வேண்டும். பிடிஎஃப்இ நூல், அதாவது டெஃப்லான் வகை நூல் கிடைத்தால் வெயில் அதை ஒன்றும் செய்யாது, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஜிப் பிளாஸ்டிக் பல்லாக இருக்கட்டும். இழுவையும் துருப்பிடிக்காததுதானா என்று கேளுங்கள். என் கையோடு வந்தது அதுதான். ஜிப் பின்பக்க விளிம்பில், மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். மேலே தெரியும் ஜிப் மழைக்கு வைத்த புனல்.

குஷனைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். அடியில் வலைத்துணியோ, காற்று போகச் சிறு வளையத் துளைகளோ இருந்தால் தண்ணீர் வடியும். நாற்காலியின் இருக்கையும் கம்பி, சட்டம், பின்னல் என்று இடைவெளி உள்ளதாக இருக்க வேண்டும். முழுப் பலகையின் மேல் போட்டால் எந்த ஃபோமும் குளத்தில் உட்கார்ந்ததுபோல்தான். காற்று அடிக்கும் இடமென்றால் பின்னால் கட்டும் நாடா இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோவில் தூசியும் முடியும் சேர்ந்து சில மாதங்களிலேயே பிடிப்புப் போய்விடும்.

6. அளவு: பழைய குஷனை அளக்காதீர்கள்

பழையது அமுங்கி, சுருங்கி, உருவம் மாறியிருக்கும். நாற்காலியின் சட்டத்தை அளந்துகொள்ளுங்கள். முன்பக்க அகலம், பின்பக்க அகலம், ஆழம் என்று மூன்று அளவு. பல நாற்காலிகளில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம். மூலைகள் வளைந்திருந்தால் செய்தித்தாளை விரித்து வெட்டி ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள். நான்கு நாற்காலியும் ஒன்றுபோலத்தானே என்று ஒன்றை மட்டும் அளக்க வேண்டாம். என் வீட்டில் இரண்டுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

இருக்கை குஷனின் தடிமன் பொதுவாக 8 முதல் 12 சென்டிமீட்டர். உட்கார்ந்து அமுங்கிய பிறகு தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் வந்தால் கால் வசதியாகத் தரையில் படும். தடித்த குஷனைப் போட்டதும் கைப்பிடி தொடை உயரத்துக்கு வந்துவிடுகிறதா என்றும் பாருங்கள்.

தைக்கக் கொடுத்தால், சொல்லும் அளவு தைத்து முடித்த உறையின் அளவா, ஃபோமின் அளவா என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். உறை நெகிழாமல் நிற்க, ஃபோமை உறையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு பெரிதாக வெட்டுவது வழக்கம். இதில் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டால் குஷன் சட்டத்துக்குள் நுழையாது.

7. பில், உத்தரவாதம், துணித் துண்டு

உத்தரவாதம் ஐந்து ஆண்டு என்று சொன்னதும் பர்ஸை எடுக்காதீர்கள். எதற்கு ஐந்து ஆண்டு? பெரும்பாலும் துணியின் நிறத்துக்கும் வலிமைக்கும். ஃபோமுக்குத் தனிக் காலம், தையலுக்கும் ஜிப்புக்கும் ஒன்றும் இல்லை, பூஞ்சை பிடித்தால் பராமரிப்புக் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள். துணி நெய்த நிறுவனம் தரும் உத்தரவாதமும் குஷன் தைத்தவர் தருவதும் வேறுவேறு. மாற்றுத் துணி தருவார்கள், தையல்கூலி தரமாட்டார்கள் என்ற வரியும் சிறிய எழுத்தில் இருக்கும். என் முதல் குஷனின் அட்டையில் 'ஈரத்தினால் ஏற்படும் சேதம் நீங்கலாக' என்று இருந்தது. வெளியே போடுவதற்கென்றே விற்ற குஷன் அது.

பில்லில் துணியின் பெயர், நிற எண், ஃபோமின் வகை, அடர்த்தி நான்கையும் எழுதி வாங்குங்கள். வெறுமனே 'குஷன் - 6' என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது. ஜிப்புக்கு உள்ளே தைத்திருக்கும் சீட்டை வெட்டிவிடாதீர்கள், அதைப் படம் எடுத்து வையுங்கள். அச்சுப் பில் வெளுத்துப் போகும், அதையும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்குட்டை அளவு உபரித் துணி கேட்டு வாங்கி அலமாரிக்குள் பத்திரப்படுத்துங்கள். நிறம் மங்கிவிட்டது என்று பிறகு சொல்ல நேர்ந்தால் ஒப்பிட்டுக் காட்ட அது ஒன்றே சாட்சி. கிழிந்தால் ஒட்டுப்போடவும் ஆகும்.

8. செலவுக் கணக்கு

விலையை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதால் வகுத்துப் பாருங்கள். என் முதல் குஷன்களின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுகூட ஓடவில்லை. இரண்டாவது இரண்டு பங்கு, ஒன்றரை ஆண்டு. மூன்றாவது மூன்றரைப் பங்கு. நான்காவது ஆண்டில் இன்னும் மாற்ற வேண்டிய நிலை வரவில்லை. மலிவானதுதான் எனக்கு விலை அதிகமாக முடிந்தது.

மொத்தமாகச் செலவழிக்க முடியவில்லையா? விரைவில் உலரும் ஃபோமை இருக்கைக்கு மட்டும் வாங்குங்கள். முதுகு குஷன் நிமிர்ந்து நிற்பதால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், அதற்குப் பாலியஸ்டர் பஞ்சு போதும். நாற்காலி ஆறு இருந்தாலும் அன்றாடம் உட்கார்வது இரண்டிலா, முதலில் இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள். ஆனால் ஆறுக்கும் வேண்டிய துணியை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். சாயத் தொகுதி மாறினால் அதே நிற எண்ணிலும் சாயல் வேறுபடும். ஃபோம் நன்றாக இருந்து உறை மட்டும் போயிருந்தால், உறையை மட்டும் தைத்துக்கொள்ளலாம். வெயில் மறைப்பு, தையல்கூலி, அனுப்பும் செலவு மூன்றையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவோம்.

9. எப்போது வாங்குவது?

வெளியே உட்காரும் பருவம் முடியும் நேரத்தில் விலை இறங்கும், நிறங்கள் குறைவாகக் கிடைக்கும். பருவம் தொடங்கும்போது எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அளவெடுத்துத் தைப்பதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். விசேஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது போய் நின்றால், இருப்பில் உள்ளதைத் தலையில் கட்டுவார்கள். துணித் துண்டை முன்கூட்டியே வாங்கி, பாதியைச் சன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, பாதியை இழுப்பறையில் வைத்து ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த அட்டையையும்விட அது நன்றாகப் பேசும்.

அழுத்திச் சுருட்டி அனுப்பிய குஷன் முழு உருவத்துக்கு வர ஓரிரண்டு நாள் ஆகலாம். பிரித்த மறுநிமிடமே சப்பையாக இருக்கிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கெடுவுக்குள் தண்ணீர்ச் சோதனை செய்யலாமா, நனைத்ததைத் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

10. வந்த பிறகு

அழுக்கு படிய விடாமல் மாதம் ஒருமுறை மிதமான சோப்பு நீரில் துடைத்து அலசினால் பூஞ்சைக்குத் தீனி இருக்காது. கடலோரமென்றால் அவ்வப்போது நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். பூஞ்சை வந்துவிட்டால், நிறமி கலந்த அக்ரிலிக் உறையை மட்டும் கழற்றி, 4 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 240 மில்லி வீட்டு பிளீச்சும் 60 மில்லி சோப்பும் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். மேலே சாயம் ஏற்றிய துணியில் இதைச் செய்தால் நிறமும் சேர்ந்து போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை அமிலத்தையோ அமோனியா உள்ள திரவத்தையோ பிளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். உறையைச் சூட்டில் உலர்த்தாமல் காற்றில் காயவிடுங்கள்.

மேலே மூடிவைக்க உறை வாங்கினால் காற்று போகும் துவாரம் உள்ளதாக வாங்குங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் அடைத்தால், வெளியே கிடந்து கெடுவதைவிடச் சீக்கிரம் கெட்டுவிடும். பெருமழைக்கு மறுநாள் காலை ஒரு நிமிட வேலை இருக்கிறது: குஷனை நாற்காலியின் முதுகில் சாய்த்து, ஜிப் உள்ள பக்கம் கீழே வரும்படி விளிம்பில் நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் எட்டு மணிக்கு நிறுத்தினால், வெயில் இருக்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உட்காரலாம்.